நாலுலயும் விடை இல்ல

பாப்பாவை ஜன்னலோரம் உக்கார வைங்க தம்பி, காத்து வரும். நீங்க நடுவுல உக்காருங்க. எனக்கு இந்த ஓரம் போதும், காலை நீட்டிக்கலாம். அறந்தாங்கிக்கா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு. பையா? வேணாம், மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். உள்ள இருக்கறது கசங்கிரும்.

நான் வாத்தியார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்ல, வாத்தியார் ஆகப் போறவங்களுக்கு வாத்தியார். திருச்சியில சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில ஒரு கோச்சிங் சென்டர். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு உளவியல் நடத்தறேன். பேரு பஞ்சநாதன். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா அங்க ஒருத்தருக்கும் தெரியாது. சைக்காலஜி சார்னு கேளுங்க, கீழ டீக்கடைக்காரரே மாடியைக் காட்டுவாரு.

தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போறேன்னு நெனைச்சிராதீங்க. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுல போயி உக்காந்திருக்கா. மத்த வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்கு நகையில வரும் சண்டை, நாத்தனார்ல வரும். எங்களுக்கு ஒரு மார்க் கேள்வியில வந்துச்சு. சிரிக்காதீங்க தம்பி, நிஜமாத்தான். நான் எடுத்த கேள்வி. அ, ஆ, இ, ஈன்னு நாலு விடை. போன்ல சொல்றா, "நாலுலயும் விடை இல்ல. சரியான விடை தெரிஞ்சா வாங்க. தெரியலன்னா அங்கயே க்ளாஸ் எடுத்துட்டு இருங்க." எப்படி இருக்கு பாருங்க. எம்ஏ சைக்காலஜி படிச்சவன் நான். அவ டைலரு.

ஆக, இந்த பஸ்ஸு அறந்தாங்கி போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு ஒரு விடை வேணும். உங்ககிட்டயும் கேப்பேன், தப்பா நெனைச்சுக்காதீங்க.

கொஞ்சம் பாடம் சொன்னாத்தான் புரியும். உளப்பகுப்பாய்வுக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுல ஒரு தாடிக்கார டாக்டர் சொல்லிட்டுப் போனது. நமக்குள்ள மூணு பேரு இருக்காங்களாம். தீபாவளிக்கு அதிரசம் சுட்டு வச்சிருக்குன்னு வைங்க. இப்பவே வேணும்னு கையை விடறான் பாருங்க ஒருத்தன், அவன் இட். சாமி கும்பிடாமத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்னு நிக்கறான் இன்னொருத்தன், அவன் சூப்பர் ஈகோ. ஏய், உடைஞ்சதை மட்டும் எடுத்துக்க, முழுசு சாமிக்கு இருக்கட்டும்னு நடுவுல பஞ்சாயத்து பண்றவன் ஈகோ. இந்தப் பஞ்சாயத்துக்காரனால தாங்க முடியாத விஷயம் ஒண்ணு வந்துச்சுன்னா, அவன் சில தந்திரம் பண்ணித் தப்பிச்சுக்குவான். அதுக்குப் பேருதான் தற்காப்பு உத்தி. பண்றவனுக்கு அது தெரியாது தம்பி. அதுதான் அதுல விசேஷம். பக்கத்துல இருந்து பாக்கறவனுக்குப் பளிச்சுன்னு தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.

இதை அப்படியே பாடப் புத்தகத்துல இருக்கற மாதிரி நடத்தினா புள்ளைங்க தூங்கிரும். கல்யாணம் ஆனவங்க, கைப்புள்ளையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்தவங்க, ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்தவங்க, எல்லாம் அரைத் தூக்கத்துல இருப்பாங்க. அதனால வீட்டு உதாரணமாப் போடுவேன். என் வீட்டம்மாவைத்தான். எங்கம்மா அவளை ஒரு வார்த்தை சொல்லிட்டா பதில் சொல்ல மாட்டா. ஆனா குக்கர் மூடி பேசும். ணங்குன்னு. அது என்ன உத்தி? இடம் மாற்றல். கோவம் மாமியார் மேல, அடி குக்கர் மேல. க்ளாஸே குலுங்கும். அவளுக்கு அண்ணியைக் கண்டா ஆகாது, ஆனா அண்ணி வந்தா இலையில அப்பளம் ரெண்டா விழும். அது எதிர்வினை உருவாக்கம். ஒரு தடவை சொன்னா மறக்காது பாருங்க. எத்தனை பேரு அந்தக் குக்கரை நெனைச்சே பாஸ் பண்ணி இன்னிக்கு அரசாங்க உத்தியோகத்துல இருக்காங்க.

ஆண்டு விழாவுக்குக் கூட்டிட்டுப் போனேன் ஒரு தடவை. பொண்ணுங்க எல்லாம் ஓடி வந்து சுத்திக்கிட்டாங்க. "குக்கர் அக்கா, குக்கர் அக்கா"ன்னு ஒரே சிரிப்பு. செல்பி எடுத்துக்கிட்டாங்க. அவளுக்கு அவ்வளவு மரியாதை அங்க. வீட்டுக்கு வர்ற வழியில எனக்குப் பத்தடி முன்னாடியே நடந்தா. வெக்கம்னு விட்டுட்டேன்.

கீரனூரா இது? ஆமா, கீரனூர்தான். பாப்பா கொய்யா பாக்குது பாருங்க, வாங்கிக் குடுங்க.

எங்களுக்குக் குழந்தை இல்ல. இல்லன்னு சொல்லக் கூடாது, ஒண்ணு பொறந்துச்சு. மாசம் நிறையறதுக்கு முன்னாடியே பொறந்துருச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. பேர் வைக்கற நாள் வரைக்கும்கூட இருக்கல. ஏழெட்டு வருஷம் ஆச்சு. அவ வார்டுல படுத்திருந்தா, எந்திரிக்க முடியல. பச்சைப்புள்ளையை எரிக்க மாட்டாங்கல்ல, பொதைக்கறதுதான். துணியில சுத்தி இந்தக் கையில வச்சுக் குடுத்தாங்க. முழங்கையிலருந்து உள்ளங்கை வரைக்கும், அவ்வளவுதான் அது. ஆட்டோவுல நானும் மச்சான் துரைக்கண்ணுவும் போனோம். மொகத்துல இருந்த துணியை வெலக்கி ஒரு தடவை பாருங்க மாப்ளன்னாரு. நான் பாக்கல. பாத்து என்ன ஆகப் போகுது, நீங்களே சொல்லுங்க.

எந்த எடம்னு அவ கேப்பா. பொம்பளைங்க அங்க வர்றதில்லையே. ஒரு வேப்பமரம் இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துலன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்பறம் நான் அந்தப் பக்கம் போகல. வேலை.

அன்னிக்கு மத்தியானமே க்ளாஸ் எடுத்தேன் தம்பி. பரீட்சை நெருங்கிட்டு இருந்துச்சு, நம்பி வந்த புள்ளைங்களை விட முடியுமா? அன்னிக்குப் பாடம் ஆளுமைக் கொள்கை. இட், ஈகோ எல்லாம். நல்ல க்ளாஸ். அந்த மாதிரி க்ளாஸ் அப்பறம் அமையலன்னுகூட சொல்லலாம். துக்கத்தை வேலையா மாத்திக்கறது, அதுக்குப் பேரு உன்னதமாக்கல். தற்காப்பு உத்தியிலயே உசத்தியானது. எல்லாராலயும் முடியாது.

அவளால முடியல. அந்த வருஷத் தீபாவளிக்கு ஒரு சின்னச் சட்டை தச்சா. பொம்மைக்குப் போடற அளவு. யாருக்குன்னேன். பொத்தான் தேட ஆரம்பிச்சுட்டா. அடுத்த வருஷம் ஒரு கவுனு. அடுத்த வருஷம் அதைவிடப் பெருசு. மாடி வீட்டுல அதே மாசத்துல பொறந்த பொண்ணு ஒண்ணு, அதைக் கூப்புட்டு டேப்பு வச்சு அளவெடுப்பா. எதுக்குடி இதெல்லாம்னு கேட்டா, "இருந்தா இந்நேரம் எவ்வளவு உசரம் இருப்பான்னு பாக்கறேன்"ங்கறா. தீபாவளியன்னிக்குக் காலையில மஞ்சள் வச்சு சாமி படத்துக்குக் கீழ வைப்பா. மறுநா எடுத்துட்டுப் போயி தெருவுல யாராச்சும் ஒரு பொம்பளப் புள்ளைக்குக் குடுத்துருவா. வருஷா வருஷம் இதே கதை. அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்கா. அதை எங்கிட்ட ஒரே தடவை சொன்னா, அடுப்படியில நின்னுகிட்டு. அது எதுக்கு இப்ப.

நான் என்ன பண்ணேன்? திட்டினேனா? தடுத்தேனா? படிச்சவன், எனக்குத் தெரியும் இது என்னன்னு. மறுத்தல். நடந்ததை மனசு ஒத்துக்க மாட்டேங்குது. பாவம்னு விட்டுட்டேன்.

இந்த வருஷம் மாதிரித் தேர்வுக்குக் கேள்வி எடுத்துட்டு இருந்தேன். தற்காப்பு உத்திக்கு நல்ல கேள்வியே கெடைக்கல. எல்லாக் கைடுலயும் அதே பையன்தான், பரீட்சையில ஃபெயிலாயிட்டுப் பேனாவைக் குறை சொல்லிட்டு நிக்கறான். எழுதி எழுதிப் புளிச்சுப் போச்சு. அப்பத்தான் தோணுச்சு. கேளுங்க, எப்படி அமைஞ்சிருக்குன்னு பாருங்க. "இறந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் தீபாவளிப் புத்தாடை தைக்கும் தாயிடம் காணப்படும் தற்காப்பு உத்தி எது? அ, மறுத்தல். ஆ, பின்னடைவு. இ, இடம் மாற்றல். ஈ, உன்னதமாக்கல்." நாலும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கு பாத்தீங்களா? யோசிக்காம டிக் அடிக்க முடியாது. பேர் போட்டேனா? ஊர் போட்டேனா? க்ளாஸ்ல யாருன்னு சொன்னேனா? ஒண்ணும் இல்ல. ஒரு தாய். அவ்வளவுதான்.

பெனிட்டான்னு ஒரு பொண்ணு என் க்ளாஸ்ல. நல்லாப் படிக்கும். அது எங்க வீட்டுலதான் ஜாக்கெட் தைக்கக் குடுக்கும். அன்னிக்கு வாங்க வந்திருக்கு. கொக்கி வைக்கற வேலை பாக்கி, உக்காரும்மான்னுருக்கா இவ. அந்தப் பொண்ணு சும்மா உக்காராம மாதிரித் தாளை எடுத்து வச்சுப் படிச்சிருக்கு. "அக்கா, சார் எங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக் கேக்குறாரு பாருங்க. நீங்க சொல்லுங்க பாப்போம்"னு இந்தக் கேள்வியைப் படிச்சுக் காட்டியிருக்கு.

மறுநா க்ளாஸ்ல எல்லாரு முன்னாடியும் அந்தப் பொண்ணு எந்திரிச்சு சொல்லுச்சு. "சார், நேத்து அக்காகிட்டயே கேட்டேன் சார். இன்னொரு தடவை படின்னாங்க. படிச்சேன். விடை என்ன போட்டிருக்குன்னாங்க. அ, மறுத்தல், அந்தம்மாவுக்குக் குழந்தை செத்ததே மண்டையில ஏறலக்கான்னேன். நூலைப் பல்லால கடிச்சுட்டு, நல்லாப் படிம்மான்னாங்க. அக்காவுக்கே விடை தெரியல சார்!" க்ளாஸே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். என்ன பண்றது, எல்லாரும் சிரிக்கும்போது.

வீட்டுக்குப் போனா பூட்டு. தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடியிருந்துச்சு. சாவி பக்கத்து வீட்டுல. சத்தம் இல்ல, சண்டை இல்ல, ஒரு பாத்திரம் உருளல தம்பி. அந்தக் குக்கர் கழுவிக் கவுத்து வச்சபடியே இருக்கு. எனக்கு அதுதான் என்னமோ மாதிரி ஆயிருச்சு.

புதுக்கோட்டை வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? எனக்கு வேணாம். எறங்கினா சீட்டு போயிரும். நீங்களும் உக்காருங்க, விட்டா யோசனை அறுந்துரும்.

இப்ப விடைக்கு வருவோம். மறுத்தல் இல்லங்கறா. சரி, பின்னடைவுன்னு வச்சுக்கலாமா? வளர்ந்தவங்க சின்னப் புள்ளையாட்டம் நடந்துக்கறது. கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடறா பாருங்க, அது வேணா பின்னடைவு. தைக்கறது அப்படி இல்ல. இடம் மாற்றல்? பெத்த புள்ளை மேல இருக்கற பாசத்தைத் துணி மேல காட்டறா. இருக்கலாம். ஆனா பாசம்னு சொன்னா அவ எந்தப் பாசம்னு கேப்பா. உன்னதமாக்கல்? அது நான் பண்ணது. அவ பண்ணதும் அதுவே எப்படி ஆகும்?

நேத்து முழுக்க கொள்கையைப் பொரட்டிப் பாத்துட்டேன். மறுத்தல்தான் தம்பி. எப்படிப் பொரட்டினாலும் அதுலதான் வந்து நிக்குது. அத்தாட்சியே என் பையில இருக்கு. காட்டறேன் இருங்க. பாப்பா, கொய்யாக் கையை வைக்காதம்மா.

இந்தா பாருங்க. இந்த வருஷத்துப் பாவாடை. அரக்குக் கலர், பச்சைப் பார்டரு. மிஷின் உறையை எடுத்தா உள்ள பாதியில கெடந்துச்சு. சட்டை முடிச்சுட்டா. பாவாடையில கீழ் மடிப்பு மட்டும் இன்னும் அடிக்கல. மாடி வீட்டுக்காரங்க கோடையிலயே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, அந்தப் பொண்ணு இல்ல அளவெடுக்க. "நீளம் தெரியலயே, நீளம் தெரியலயே"ன்னு பொலம்பிட்டே இருந்தா. நான் டிவி பாத்துட்டு இருந்தேன். இப்ப இங்க உள்பக்கம் பாருங்க. இது என்ன? டக்கு. வளர்ற புள்ளைக்குத் துணியை உள்ள மடிச்சுப் புடிச்சுத் தைப்பாங்கல்ல, அடுத்த வருஷம் பிரிச்சு எறக்கி விட. அது. ரெண்டு வரிசை புடிச்சிருக்கா. செத்துப்போன புள்ளைக்கு எதுக்குய்யா டக்கு? அது வளரும்னு நெனைக்கறாளா இல்லையா? இது மறுத்தல் இல்லாம வேற என்ன? நீங்களே சொல்லுங்க, நாலு பேரு கேக்கட்டும்.

என்ன? என்ன சொன்னீங்க?

மறுநா வேற புள்ளைக்குக் குடுக்கறாங்கன்னு நாந்தானே சொன்னேங்கறீங்களா?

ஆமா, குடுப்பா. தெருவுல யாருக்காச்சும்.

அந்தப் புள்ளை வளரும்லங்கறீங்களா?

ஆமா. வளரும்.

இருங்க தம்பி.

அந்தப் புள்ளைக்குத்தான் டக்கு. அப்ப துணி எடுக்கும்போதே தெரியுது அவளுக்கு, இதைப் போடப் போறது வேற புள்ளைன்னு. ஊசி கோக்கும்போதே தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே அளவெடுக்கறா, தெரிஞ்சுக்கிட்டே தைக்கறா, தெரிஞ்சுக்கிட்டே மஞ்சள் வைக்கறா. எல்லா வருஷமும். அவ ஒண்ணையும் மறுக்கல. நான் இதே வீட்டுலதான் இருந்தேன் தம்பி. சாப்பாட்டுத் தட்டோட அந்த மிஷினைத் தாண்டித் தாண்டித்தான் போனேன். உள்பக்கம் திருப்பிப் பாத்ததே நேத்துதான், அதுவும் அத்தாட்சிக்கு.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி இருந்தா குடுங்க.

என்னம்மா? யாருக்கா? பொண்ணுக்கும்மா. எங்க பொண்ணுக்கு. நீ என்ன படிக்கிற? ரெண்டாவதா? அவளும் ரெண்டாவதுதான். இருந்திருந்தா ரெண்டாவதுதான்.

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு உதவி. பாப்பாவைக் கொஞ்சம் சீட்டு மேல நிறுத்தறீங்களா? நீங்க புடிச்சுக்கங்க, பஸ்ஸு ஆட்டும். போடச் சொல்லல, போட வேணாம். இடுப்புல வச்சு மட்டும் பாத்துக்கறேன்.

இவ்வளவு உசரமா?

கணுக்காலைத் தாண்டி வருது பாருங்க. நான் தூக்கிட்டுப் போனது இவ்வளவுதான் தம்பி, முழங்கையிலருந்து உள்ளங்கை வரைக்கும். எனக்கு அது அந்த அளவுலயே நின்னுபோச்சு. இவ்வளவு உசரம் வந்திருப்பாளா? சீட்டு மேல நின்னா என் தலைக்கு மேல இருப்பாளா? என் பொண்டாட்டி வளர்மதி ஒருத்தியா வளர்த்திருக்கா தம்பி. தனியா உக்காந்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வளர்த்திருக்கா. நான் அதுக்கு மார்க்கு போட்டுட்டு இருந்திருக்கேன்.

அவ மொகத்தை நான் பாக்கல தம்பி. துரைக்கண்ணு சொன்னாரு, நான் பாக்கல.

என்னடா கண்ணு? பேரா? அவ பேரா?

அமுதினி.

அவ பேரு அமுதினிம்மா. நீ நேரா நில்லு, ஆடாத. அவ்வளவுதான், முடிஞ்சுது. இந்தா, இந்த எடத்துல மடிச்சா சரியா இருக்கும்.

விடையா? அது கெடக்கட்டும். எனக்கு எந்த விடையும் தெரியலன்னு சொல்லிக்கறேன். ஆனா நீளம் தெரியலயேன்னு பொலம்பினாள்ல, அது தெரியும்னு சொல்லணும். அப்பறம் அந்த வேப்பமரத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போகணும். மரம் இன்னும் இருக்குமான்னு தெரியல.

அறந்தாங்கியா? வந்துருச்சா? குண்டூசி ஏதும் இல்லையே. பரவாயில்ல, விரலாலயே புடிச்சுக்கறேன். அவ வாங்கிக்கற வரைக்கும் இந்த மடிப்பை விடமாட்டேன். கை ரெண்டும் இதுல இருக்கு, அந்தப் பையை மட்டும் கொஞ்சம் என் தோள்ல மாட்டி விடுங்க தம்பி.